இரும்பு வாளைத் திருப்பியவர்களுக்கு என் வீடு மட்டும் எதற்கு?

ஏகா,

நீ கேட்ட கையெழுத்துக்கு இதுதான் என் பதில். வீட்டை அடகு வைக்க நான் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாய். அவள் அதை என்னிடம் சொன்னபோது தறியில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நெய்துகொண்டே சொன்னாள். உனக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நீ தங்கியிருக்கும் அறைக்கே வந்தேன். நீ ஷிப்டுக்குப் போய்விட்டதாக உன்னோடு தங்கியிருப்பவர் சொன்னார். உன் செருப்பு வாசலில் கிடந்தது. நான் அவரை ஒன்றும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் காஞ்சிபுரம் திரும்பினேன். என்னிடம் பொய் சொல்ல ஒரு மனிதரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாயே, அந்த வெட்கம் எனக்கு வாலாஜாபாத் தாண்டியும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதச் சொல்கிறேன். கதவைச் சாத்திக்கொள்கிற மகன் எனக்கு மட்டும்தான் என்றில்லை, வேறு வீடுகளிலும் இருப்பான்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் அக்கா. மூன்றாம் வகுப்போடு நின்றவன் பேசுவதை அப்படியே எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள், அதனால் புத்தகத் தமிழாக மாற்றி எழுதுகிறேன் என்கிறாள். மாற்றிக்கொள், திட்டை மட்டும் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். நான் நேராக விஷயத்துக்கு வருகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ரங்கசாமி குளம் போகக் கிளம்பினால் ஏனாத்தூர் வழியாகப் போகிறவன் என்று உன் அம்மா சொல்வாள். பொறுத்துக்கொண்டு படி.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் பிழைப்பு பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடுவது. கல்யாணம், காதுகுத்து, சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் என் நாற்காலிதான். அரசியல் கூட்டத்துக்கும் அதே நாற்காலிதான். கூட்டத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சாமான் உண்டு. வீரவாள். நம் ஊர்ப்பக்கம் மேடையில் தலைவருக்கு வாள் கொடுக்காமல் கூட்டம் முடியாது. வாங்கியவர் அதை உறையிலிருந்து உருவி, தலைக்கு மேலே தூக்கி, போட்டோவுக்கு நிற்க வேண்டும். கீழே விசில் பறக்கும். சின்ன தலைவர்களுக்கென்று நான் இரண்டு வாள் வைத்திருக்கிறேன். பித்தளைத் தகட்டில் வெள்ளி முலாம் பூசியது. போட்டோ எடுத்து முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நிற்கிற என் ஆள் அதை வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொள்வான். நேற்று ஒரு கட்சிக்காரர் தூக்கிய வாளை இன்று அவருடைய எதிரி தூக்குவார். இரண்டு பேருடைய வீரமும் என் கடைப் பரணில் ஒரே சாக்கில் கிடக்கும். அதைப் பார்த்து நானும் நீயும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம்.

பெரிய தலைவர்களுக்கு என் வாள் போகாது. அவர்களுக்குச் சென்னையில் சொல்லி நிஜ வெள்ளியில் செய்துவருவார்கள். அது ஒன்றுகூட மேடையிலிருந்து திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பெரிய மனிதர் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எத்தனை அசட்டு நினைப்பு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பெனி உன்னைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியபோது நீ அங்கே கார் செய்யக் கற்றுக்கொண்டு வருவாய் என்றுதான் இருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை போனில் வேறு எதையோ காட்டினாய். ரயிலில் போகிற தூரத்தில் ஒரு வாள் பட்டறை, வெளியாட்கள் போய்ப் பார்க்கலாம், பார்த்தேன் நைனா என்றாய். அதன் பிறகு எல்லா ஞாயிறும் நமக்கு அதே பேச்சு. வாளை வாடகைக்கு விட்டே வயதாகிப் போனவனுக்கு வாள் எப்படிப் பிறக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆற்று மணலில் கலந்து கிடக்கிற இரும்புத் துகளை அரித்தெடுத்து, மண்ணால் கட்டிய உலையில் அடுப்புக்கரியோடு மாற்றி மாற்றிப் போடுவார்களாம். மூன்று பகல் மூன்று ராத்திரி நெருப்பு அணையக் கூடாது. முடிந்ததும் உலையையே இடித்து உள்ளே இருக்கிற எஃகுக் கட்டியை வெளியே இழுப்பார்களாம். அதை உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்து, இது விளிம்புக்கு ஆகும், இது உள்ளுக்கு ஆகும், இது எதற்கும் ஆகாது என்று பிரிப்பார்களாம். ஆனதைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி காய்ச்சி, அடித்து, மடித்து. நீ போனைப் பட்டறைக்குள் திருப்பிக் காட்டியபோது உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவ்ளோ அடி அடிச்சா நம்ம வூட்டு ஆம்பளகூட நேராயிடுவாம்பா" என்றாள். நீ அங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்தக் கொல்லர் என்ன என்று கேட்டார், நீ மொழிபெயர்த்துச் சொன்னாய், அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். உன் அம்மாவுக்கு அதில் பெரிய திருப்தி.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை. முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிமனாகப் பூசி, விளிம்புப் பக்கம் மெல்லிசாகப் பூசி, பட்டறையை இருட்டாக்கிவிட்டு, நெருப்பின் நிறத்தைக் கண்ணாலேயே பார்த்து, சரியான நேரத்தில் தண்ணீரில் இறக்குவார்களாம். வாளின் வளைவு கையால் வளைத்தது இல்லை, தண்ணீருக்குள் அதுவாக வளைகிறது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. சில வாள் அந்தத் தண்ணீரிலேயே விரிசல் விட்டுவிடும், அத்தனை நாள் வேலையும் போச்சு என்றாய். போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள் என்றாய். ஒட்டி, மினுக்கி, யார் தலையிலாவது கட்டிவிட மாட்டார்களா என்று கேட்டேன். நம் ஊர் ஆள் கேட்கிற கேள்வி. நீ, "இல்ல நைனா, அவரு பேரு உள்ள இருக்குதே" என்றாய். கைப்பிடிக்குள் மறைந்து போகிற இரும்பில் செய்தவர் தன் பேரை உளியால் வெட்டிவைப்பார், வெளியே எங்கேயும் இருக்காது என்று நீ விளக்கினாய். நம் ஊரில் குழல்விளக்கு உபயம் செய்தவன் பேர் வெளிச்சத்தையே மறைக்கும். நான் அன்று முழுக்க அதையே கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ இன்னொன்றும் சொன்னாய், அதை மறைக்கக் கூடாது. ஜப்பான்காரன் என்றால் எல்லாரும் உத்தமர் என்று நினைக்காதே நைனா, அங்கேயும் அந்தக் காலத்துச் சிற்றரசர்கள் மேலே இருக்கிறவனுக்கு வாளைத்தான் காணிக்கை கொடுத்தார்கள், கூடவே இது இத்தனை பொற்காசு பெறும் என்று நிபுணர் எழுதிய சீட்டும் போகும் என்றாய். இப்போதும் பணம் வாங்கி மாட்டிக்கொள்கிற மந்திரி அங்கேயும் உண்டு என்றாய். சரிதான், மனுஷன் எங்கேயும் மனுஷன்தான். ஆனால் அங்கே ஒரு கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அவர் அதற்கு மேல் செய்வதில்லை என்றாயே. இங்கேயும் தேர்தலில் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. அதை மதித்தவன் ஒருவனைக் காட்டு, நான் அவனுக்குப் பந்தல் இலவசமாகப் போடுகிறேன்.

இத்தனையும் எனக்குச் சொன்னவன் நீ. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீ ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் தயாளன் நம் வீட்டுக்கு வந்தான். ஒரு காலத்தில் என் கடையில் நாற்காலி ஏற்றி இறக்கியவன். இப்போது நம் வட்டத்துக்குக் கட்சிச் செயலாளர். அவன் கார் நம் தெருவில் திரும்புவதற்கு இரண்டு சைக்கிளை எடுத்து ஓரம் வைக்க வேண்டியிருந்தது. "மாமா, ஏகா மாதிரி படிச்ச புள்ளைங்க வரணும். ஜப்பான் போயி வந்துகிற புள்ள. தலைவரே விசாரிச்சிக்கினு இருக்குறாரு" என்றான். கவுன்சிலர் தேர்தலுக்கு நம் வார்டில் உன்னை நிறுத்தலாம் என்று பேச்சு. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம் தெருச் சாக்கடை வீட்டுக்குள் வராமல் ஒரு மழைக்காலம் போனதில்லை. நீ உட்கார்ந்தால் அதைச் செய்வாய் என்று நினைத்தேன். தலைவர் அடுத்த மாதம் கூட்டத்துக்கு வருகிறார், உன் கையால் ஒரு வீரவாள் கொடுக்க வேண்டும், மற்றதைப் பிறகு பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாள் என்றதும் நமக்கு என்ன தோன்றியது? இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. முலாம் பூசிய பித்தளையும் வேண்டாம், சென்னையில் செய்கிற வெள்ளியும் வேண்டாம், நிஜமாக அடித்த ஒரு வாளைக் கொடுப்போம் என்று. இத்தனை வருஷம் மேடை போட்டவனுக்கு, இத்தனை ஞாயிறு பட்டறை பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? இந்த ஊரில் வேறு எந்த அப்பனும் மகனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

வாலாஜாபாத்தில் சாமுவேல் பட்டறைக்குப் போனோம். அவன் வெல்டிங் வேலைக்காரன், வேண்டியவர்களுக்குக் கத்தி, அரிவாளும் அடித்துக்கொடுப்பான். லாரியின் பட்டை ஸ்பிரிங்கைத்தான் எடுத்தான், ஆற்று மணலுக்கு நாம் எங்கே போவது? நீ போனைச் சுவரில் சாய்த்துவைத்து அந்த ஜப்பான் கொல்லர் வேலை செய்வதை ஓடவிட்டாய். சாமுவேல் பார்த்துவிட்டு, "இவரு நெருப்புக்கு மரியாத குடுக்கிறாருண்ணே" என்றான். பாலாற்றங்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து நீயே குழைத்துப் பூசினாய். முதல் வாள் தண்ணீரில் இறக்கியதும் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல். நீ அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டாய். முதலிலிருந்து தொடங்கலாம் என்றாய். ஏகா, உன் கல்லூரிப் பட்டத்தைக் கையில் வாங்கியபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் வரவில்லை. இரண்டாவது வாள் நின்றது. வளைவு ஜப்பான் வாள் அளவுக்கு இல்லை, ஆனால் வளைந்தது. கூர் வைக்கச் சொன்னோம். "அண்ணே, கூர் மட்டும் கேக்காத. போலீஸ்காரன் உன்ன உட்ருவான், என்னத் தூக்கினு பூடுவான்" என்றான் சாமுவேல். சரி, மழுங்கலாகவே இருக்கட்டும், தலைவர் யாரையும் வெட்டப் போவதில்லை என்றேன். கைப்பிடி மாட்டுவதற்கு முன்னால் சாமுவேல் பேரை நீதான் உளியால் வெட்டினாய். எனக்கெதுக்குப்பா என்று அவன் கூச்சப்பட்டான். நீ விடவில்லை.

கூட்டத்தன்று நான் எப்போதும்போல மேடைக்குப் பின்னால் நின்றேன். தயாளன் மைக்கில் உன் பேரைச் சொன்னான். நீ வெள்ளை வேட்டியில் ஏறினாய், வாளை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தாய். தலைவர் வாங்கினார். வாங்கியதும் அவர் கை கொஞ்சம் இறங்கியது, இரும்பு கனமில்லையா? பாதி உருவினார். வெள்ளி பளபளக்கும் என்று பார்த்த கண்ணுக்குக் கறுத்த இரும்பு தெரிந்தது. அவர் சிரிப்பு அப்படியே நின்றது. தலைக்கு மேலே தூக்கவில்லை. உறையில் தள்ளி, பின்னால் நின்ற உதவியாளரிடம் கொடுத்தார். உதவியாளர் என் பக்கம்தான் வந்தார், உன்னையும் இழுத்துக்கொண்டு. "இன்னாயா இது, இரும்பு? யாரு ஏற்பாடு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்.

"எங்க நைனா பண்ண வேலண்ணே. எனக்குத் தெரியாது. அவரு வாடகைக் கடைக்காரரு, அவருக்கு இன்னா தெரியும்."

நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்லிவிட்டேன். உன் அக்கா எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தாள், எழுது என்றேன். தலைவர் கோபித்துக்கொண்டது எனக்கு ஒன்றுமில்லை, அவர் யாரோ. களிமண் குழைத்தது உன் கை, பேர் வெட்டியது உன் கை. தெரியாது என்றாயே. சாமுவேல் அன்று கூட்டத்துக்கு வந்திருந்தான், தன் வாளைத் தலைவர் தூக்குவதைப் பார்க்க. முன்வரிசையில் நான்தான் அவனுக்கு நாற்காலி போட்டேன். கூட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, தலைவருக்குக் கைவலியாண்ணே என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் தயாளன் வாளைக் கொண்டுவந்து கடை மேஜை மேல் போட்டான். தலையில் அடித்துக்கொண்டே பேசினான். சீட்டு கைக்கு வந்த நேரத்தில் நான் கெடுத்துவிட்டேனாம், அந்த இடத்துக்கு ஒரு மளிகைக்கடை முதலாளி வெள்ளி வாளோடு வரிசையில் நிற்கிறாராம். கடைசியில், "மாமா, இத்த எட போட்டாகூட ஒண்ணும் தேறாது" என்றான்.

"எட போடறதுக்காடா குடுத்தோம்?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னாத்துக்கு மாமா?" என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, ஏகா. நிஜமாகவே புரியாமல் கேட்டான். வெள்ளி வாள்கள் மேடையிலிருந்து எங்கே போகின்றன என்று அவனே சொன்னான். உருக்கப் போகின்றன. மேடையில் பணமாகக் கொடுத்தால் லஞ்சம், அதனால் வாளாகக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் தூக்கிப் பார்ப்பது வீரத்துக்காக இல்லை, கனம் பார்க்க. கீழே விசில் அடிக்கிறவனுக்கு அது தெரியாது. மேடையைக் கட்டின எனக்கே தெரியவில்லையே. ஒரு வாளை வாளாகக்கூட விட்டுவைக்காத கூட்டம் இது. ராஜா காலத்து ஆயுதத்தை எடுத்து, தமிழன் வீரம் என்று பேர் வைத்து, அதற்குள்ளே கைக்கூலியை ஒளித்துவைக்கிறார்கள் என்றால், இவர்கள் கையில் கிடைத்தால் எதைத்தான் விட்டுவைப்பார்கள்? வார்டை விடுவார்களா, வாய்க்காலை விடுவார்களா?

உன் கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. மளிகைக்கடைக்காரரைவிடக் கனமாக ஒரு வெள்ளி வாளும், கட்சி நிதி என்று ஒரு தொகையும், தெருவில் கொடுக்க ஒரு தொகையும் கொண்டுவந்தால் இன்னும் யோசிப்பார்கள் என்று தயாளன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். இரும்பைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு வீட்டை உருக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் என் கையெழுத்து.

தெருவில் கொடுப்பது என்றால் என்ன என்று உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். போன தேர்தலுக்கு முந்தின நாள் நம் கதவுக்குக் கீழே ஒரு கவரைத் தள்ளிவிட்டுப் போனார்கள். உன் அம்மா அதைக் கையால் தொடவில்லை. விளக்குமாற்றால் வெளியே தள்ளினாள், அது வழுக்கிக்கொண்டு எதிர் வீட்டு மங்கை வாசலில் போய் நின்றது. காலையில் மங்கை வந்து, "எனக்கு ரெண்டு வாட்டி வந்துச்சிமா, உங்குளுக்கு?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். சிரித்துவிட்டோம். பிறகு அதே மங்கை குடிதண்ணீர்க் குழாய்க்கு எழுதிக்கொடுத்துவிட்டு எத்தனை நாள் அலைந்தாள் என்பதையும் பார்த்தோம். கவுன்சிலர் வீட்டில் கேட்டதைக் கொடுத்த பிறகுதான் குழி தோண்டினார்கள். இரண்டு கவரும் திரும்பிப் போய், அதற்கு மேலும் போனது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தறி ஓடாத மாதத்தில் வாசலுக்கு வந்த கவரை எல்லாராலும் விளக்குமாற்றால் தள்ள முடியாது. அவளுடைய அந்த மாதத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு கவரைப் போட்டானே, அவனைத்தான் திட்டுகிறேன்.

இப்போது நீ சொல். வீட்டை வைத்துச் சீட்டு வாங்கி, கவர் போட்டு, ஜெயித்து உட்கார்ந்தால், வீட்டை மீட்க நீ எங்கே போவாய்? உன் சம்பளத்திலா? மங்கை வீட்டுக் குழாய்க்குத்தான் போவாய். புது வீடு கட்டுகிறவன் வாசலில் நிற்பாய். சாக்கடையை நீ கட்டவே மாட்டாய், கட்டுகிற காண்டிராக்டரிடம் பங்கு வாங்குவாய். நான் உன்னைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. அப்படித்தான் அந்தக் கணக்கு போகும், அதில் போனவன் யாரும் வேறு மாதிரி போனதில்லை. அப்புறம் நம் தெருவில் நான் எந்த முகத்தோடு நாற்காலி இறக்குவது?

அந்த மேடைக் காசில்தானே என்னைப் படிக்கவைத்தாய், இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது ஞானம் என்று அம்மாவிடம் கேட்டாயாம். ஆமாம், அந்தக் காசிலும்தான் படிக்கவைத்தேன். நாற்காலி போட்டேன், கூலி வாங்கினேன். கல்யாண வீட்டிலும் வாங்கினேன், சாவு வீட்டிலும் வாங்கினேன். நாற்காலி போட்டவன் அதில் உட்கார்ந்தவனுக்குப் பங்காளி ஆகிவிடுவானா? ஆனாலும் நீ கேட்டது உறுத்தியது. கூலிதானே என்று நானும் எதையும் கேட்காமல்தான் இருந்தேன். அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன்.

நேற்றுச் சாயங்காலம் தயாளன் வந்தான். வேட்பாளர் அறிமுகக் கூட்டத்துக்குப் பந்தலும் நாற்காலியும் வேண்டுமாம், முன்பணத்தை மேஜையில் வைத்தான். வேட்பாளர் யார் என்று கேட்டேன். அது உங்க கையெழுத்தைப் பொறுத்தது மாமா என்று சிரித்தான். பணத்தை எடுத்து அவன் சட்டைப்பையிலேயே வைத்தேன். உன் கட்சிக்கு மட்டும் இல்லை, இந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் என் சாமான் வராது என்றேன். அவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. "கட ஓடணுமே மாமா" என்றான். ஓடாவிட்டால் நிற்கட்டும் என்றேன். என் ஆட்களுக்கு இந்த மாதம் வேலை குறையும், அவர்களிடம் சொல்லிவிட்டேன், ஒருவன் முணுமுணுத்தான், நியாயம்தான். உன் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து, சேலைக் கூலி வரும், சமாளிக்கலாம் என்றாள். நான் சொன்னதை அவள் சரி என்று சொன்னது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கையெழுத்து கிடையாது, ஏகா. இன்றைக்கும் கிடையாது, நீ பிள்ளை குட்டியோடு வந்து நின்றாலும் கிடையாது. உன் ஆசையை நான் தடுக்கவில்லை. கவுன்சிலர் ஆக வேண்டும் என்றால் சுயேச்சையாக நில். டெபாசிட் பணம் நான் கட்டுகிறேன். பந்தல் உனக்கு உண்டு, மைக் உண்டு, நாற்காலி உண்டு, செலவுக் கணக்கில் முறையாக எழுதிக்கொள். கவர் கிடையாது. தெருத் தெருவாக நடப்போம், நானும் வருகிறேன், மெதுவாகத்தான் நடப்பேன். எல்லா வாசலிலும் இன்னா தருவே என்று கேட்பார்கள். ஒன்றும் தர மாட்டேன், சாக்கடை கட்டுவேன் என்று நீ சொல்ல வேண்டும். சிலர் கதவைச் சாத்துவார்கள். மங்கையே சாத்தினாலும் கோபப்படக் கூடாது. வருகிற வழியில் முதலில் வாலாஜாபாத்தில் இறங்கிப் போய் சாமுவேலிடம், நான்தான் தெரியாது என்று சொன்னேன் என்று சொல்லிவிட்டு வா. அதைச் சொல்லாமல் நீ ஓட்டுக் கேட்கக் கிளம்பினால் நான் கூட வர மாட்டேன்.

தோற்பாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மளிகைக்கடைக்காரர் மாலையோடு நம் தெருவில் ஊர்வலம் போவார், தயாளன் நம் வாசலில் வேண்டுமென்றே வெடி வைப்பான். வைக்கட்டும்.

நீ தோற்றுவிட்டு வா. வருவதற்கு வீடு இருக்கும்.